வேர் சிகிச்சை தோற்றதை எதைக் கொண்டு அறிவது?

வேர் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம் அந்தப் பல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், 'வலி இல்லை, நன்றாக இருக்கிறது' என்று சொல்வார். அல்லது 'இன்னும் கடித்தால் வலிக்கிறது, சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது' என்பார். இரண்டு பதிலுக்கும் அளவுகோல் வலிதான். வலிக்காகத்தானே பல் மருத்துவரிடம் போனோம், அது போனதா இல்லையா என்பதுதானே தீர்ப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் சான்றுகளை வரிசையாகப் பார்த்தால், வலி இந்த வழக்கில் மிகவும் பலவீனமான சாட்சி என்பது தெளிவாகிறது. சிகிச்சை தோற்ற பற்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் வலிக்காமலே இருக்கின்றன. வலிக்கும் பற்களில் ஒரு பகுதியோ தோற்றவையே அல்ல. தீர்ப்புச் சொல்லும் தகுதி வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்புக்குத்தான் உண்டு. அந்த எலும்பின் நிலையையும் ஒரே படத்தில் படித்துவிட முடியாது. கால இடைவெளி விட்டு எடுத்த இரண்டு எக்ஸ்ரே படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வேர் சிகிச்சை முடிந்து 'கேப்' போட்டதும் நோயாளியும் மருத்துவரும் பிரிந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது படம் எடுக்கப்படுவதே அரிது.

பல்லின் நடுவே ஒரு சிறு அறையும் அதிலிருந்து வேர்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்களும் இருக்கின்றன. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட பற்கூழ் அவற்றை நிறைத்திருக்கிறது. சொத்தை ஆழமாக இறங்கினால் பாக்டீரியா பற்கூழை அடைந்து அதைச் சாகடிக்கும். பிறகு வேர்நுனி வழியாக வெளியேறும் நச்சுகள் அங்குள்ள எலும்பில் அழற்சியை உண்டாக்கும். 1965-இல் அமெரிக்காவில் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. சாதாரண எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து விட்டபோது அது அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலும் அதே துளை போடப்பட்டது; உணவுத் துகள்கள் அந்தத் துளையில் அடைந்து கிடந்தும், பற்கூழ் பிழைத்துத் தனக்கு மேலே புதிய கடினத் திசுவை உருவாக்கிக்கொண்டது. காயத்தைவிடக் கிருமியே நோயை உண்டாக்குகிறது என்பது அன்று முடிவானது. வேர் சிகிச்சையின் வேலை முழுவதும் இதிலிருந்தே வருகிறது: மெல்லிய ஃபைல்களால் குழாய்களைச் சுரண்டுவது, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவது, கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் இடைவெளி இல்லாமல் அடைப்பது. தோல்வி என்பதன் பொருளும் இதிலிருந்தே கிடைக்கிறது. கிருமி உள்ளே மிஞ்சிவிட்டது, அல்லது மீண்டும் நுழைந்துவிட்டது.

'நரம்பையே எடுத்துவிட்டார்களே, பிறகு எப்படி வலிக்கும்?' என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கப்படுவது பல்லுக்குள் இருக்கும் நரம்பு மட்டும்தான். வேரை எலும்போடு பிணைக்கும் மெல்லிய இணைப்புத் திசுவிலும் சுற்றியுள்ள எலும்பிலும் நரம்புகள் அப்படியே இருக்கின்றன. கடிக்கும்போது அழுத்தத்தை உணர்வதில் பெரும்பங்கு அவற்றுக்கே. ஆகவே வேர்நுனியில் அழற்சி மூண்டால் வலி வரலாம். ஆனால் வருவது கட்டாயமில்லை என்பதுதான் இங்கே முக்கியம். கிருமிகளின் தாக்குதலும் உடலின் எதிர்ப்பும் சமநிலையில் நிற்கும்போது அழற்சி நாள்பட்டதாக மாறுகிறது. எலும்பு மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்த மென்திசு உட்கார்ந்துகொள்கிறது. இந்த நிலையில் வீக்கம் இல்லை, அழுத்தம் இல்லை, வலியும் இல்லை. சமநிலை குலையும்போது மட்டும், உடல் தளர்ந்தபோதோ புதிய கிருமி நுழைந்தபோதோ, இரவோடு இரவாகக் கன்னம் வீங்குகிறது. அதுவரை அந்தப் பல் நோயாளியின் கணக்கில் வெற்றி பெற்ற பல்.

கிருமி மிஞ்சுவதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால், எந்தப் பல்லை அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதல் காரணம், கண்ணில் படாமல் விடுபட்ட குழாய். மேல்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். ஆனால் கன்னப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பெரும்பாலோருக்கு இரண்டு குழாய்கள் உண்டு. அந்த இரண்டாவது குழாயின் வாய் மிகச் சிறியது, பல்லின் உட்புறக் கடினத் திசுவான டென்டினின் ஒரு மேட்டுக்குக் கீழே ஒளிந்திருப்பது. நுண்ணோக்கி இல்லாமல் தேடினால் எளிதில் தவறிப்போகும். அடுத்து, அடைப்பின் தரம். வேர்நுனிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்ட அடைப்பும், நடுவில் வெற்றிடம் விட்ட அடைப்பும் கிருமிக்குக் குடியிருப்பு ஆகின்றன. சுத்தம் செய்த பிறகும் பிழைத்துக்கொள்ளும் கிருமிகளில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் பேர்போனது. தோற்ற வேர்களைத் திறந்து பார்த்த ஆய்வுகளில் அது திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. மூன்றாவது காரணத்தை நோயாளிகள் அறவே கவனிப்பதில்லை. பல்லின் மேற்பகுதியை மூடும் நிரப்பியோ கேப்போ கசிந்தால், வேருக்குள் எவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தாலும் எச்சிலோடு கிருமி இறங்கிவிடும். ரேயும் ட்ரோப்பும் 1995-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து, வேருக்குள் போட்ட அடைப்பைவிட மேலே போட்ட மூடியின் தரமே முக்கியம் என்று எழுதியபோது பல் மருத்துவ உலகம் அதிர்ந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டுமே சம அளவில் வேண்டும் என்று அந்த முடிவைத் திருத்தின. எப்படியானாலும், தற்காலிக சிமென்ட்டோடு மாதக்கணக்கில் கேப் போடாமல் விட்ட பல், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், சந்தேகத்துக்கு உரிய பல்தான்.

நோயாளி தானே பார்க்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. அவற்றின் எடை ஒன்றுபோல் இல்லை. சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் கடிக்கும்போது வலிப்பது தோல்விக்கு அடையாளம் அல்ல. ஃபைலும் கரைசலும் வேர்நுனித் திசுவைச் சற்று உறுத்தியிருக்கும், தானே அடங்கும். வாரங்கள் கடந்தும் அதே பல்லைத் தட்டினால் வலித்தால், அல்லது நன்றாக இருந்த பல் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கடிக்கும்போது கூச ஆரம்பித்தால், அதைப் பொருட்படுத்த வேண்டும். எல்லாவற்றிலும் நம்பகமான அறிகுறி ஈறில் வரும் சிறு பரு. பல்லின் வேருக்கு நேராக, கடுகளவில், சில நாட்கள் உப்பி, பிறகு உடைந்து, உப்புக் கரித்தாற்போல் ஒரு சுவையை வாயில் விட்டு மறைந்து, சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் வரும். வலிக்காது, வலிக்காததால் யாரும் காட்டுவதில்லை. உண்மையில் அது வேர்நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறும் வழி. வடிகால் இருப்பதால்தான் உள்ளே அழுத்தம் ஏறவில்லை, வலியும் இல்லை. பருவின் இடத்தை வைத்து எந்தப் பல் என்று ஊகிப்பதும் தவறாகலாம், ஏனென்றால் சீழ் எலும்பு விட்ட வழியில்தான் போகும். அதனால் தேர்ந்த மருத்துவர் ஒரு மெல்லிய கட்டாபெர்ச்சா குச்சியை எடுத்து, பருவின் வாயில் மெதுவாக நுழைத்து, தானாக நிற்கும்வரை உள்ளே செலுத்தி, அப்படியே வைத்து எக்ஸ்ரே எடுப்பார். எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாக விழும் அந்தக் குச்சி வளைந்து வளைந்து போய், நோய் உள்ள வேரின் நுனியில் முட்டி நிற்கும். பத்து நிமிடத்துக்குள் முடியும் இந்தச் சோதனை, குற்றவாளிப் பல்லைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்துப் பல்லைத் திறந்துவிடும் அவலத்தையும் தடுக்கிறது.

மறுபக்கம், தோல்வி என்று தவறாகக் கருதப்படுபவை. பல்லின் நிறம் சாம்பலாக மாறுவது மட்டும் தோல்வி அல்ல. கேப் சற்று உயரமாக அமைந்துவிட்டால் மெல்லும்போது அந்தப் பல் மட்டும் அடிவாங்கி வலிக்கும். உயரத்தைத் தேய்த்தால் தீரும். குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுரீரென்றால், பக்கத்துப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுமையாகச் சிகிச்சை பெற்ற பல்லுக்குக் குளிர் தெரியாது. பக்கத்துப் பற்கள் யாவும் நலமாக இருந்தால் மட்டும், விடுபட்ட குழாயில் உயிருள்ள பற்கூழ் மிஞ்சியிருக்கிறதா என்று தேட வேண்டும். சைனஸ் அழற்சி மேல்தாடைக் கடைவாய்ப் பற்களில் வலியாகத் தெரியும். இதற்கு நேர்மாறும் நடக்கிறது: ஒரே பக்க மூக்கில் நாள்பட்டு ஒழுகும் நாற்றமுள்ள சளிக்கு, தோற்றுப்போன மேல் கடைவாய்ப் பல் காரணமாக இருக்கலாம். தாடைத் தசைகளின் இறுக்கம், முகநரம்பு வலி போன்றவையும் பல்வலியாக வேடம் போடும். நிக்ஸ்டார்ஃபும் சக ஆய்வாளர்களும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேர் சிகிச்சைக்கு ஆறு மாதம் கழித்தும் நீடிக்கும் வலி சுமார் 5 விழுக்காட்டினருக்கு இருந்தது. பல்லைச் சாராத வலி சுமார் 3.4 விழுக்காட்டினருக்கு இருந்தது. அதாவது நீடிக்கும் வலியில் கணிசமான பகுதிக்குப் பல் பொறுப்பே அல்ல. இத்தகைய வலிக்கு அதே பல்லில் இன்னொரு முறை வேர் சிகிச்சை, பிறகு பிடுங்குதல், பிறகு அடுத்த பல் என்று போவது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை. வலி அந்தப் பல் இருந்த இடத்திலேயே தொடரும்.

ஆக, வலி இரண்டு திசையிலும் ஏமாற்றுகிறது. எக்ஸ்ரே ஏமாற்றாதா? அதுவும் ஏமாற்றும், ஆனால் அதன் பிழைகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும், அதனால் திருத்திக்கொள்ள முடியும். 1956-இல் ஸ்வீடனில் ஸ்ட்ரின்ட்பெர்க் வகுத்த அளவுகோல் இன்றும் கடுமையானதாகக் கருதப்படுகிறது: வேரைச் சுற்றி இயல்பான மெல்லிய கோடு முழுதாகத் தெரிந்தால்தான் வெற்றி, எலும்பு கரைந்த இடம் படத்தில் கருமையாக விழும் நிழல் சுருங்கியிருந்தாலும் மறையாவிட்டால் வெற்றி அல்ல. ஐந்து ஆண்டு கழித்து, 1961-இல், பெண்டரும் செல்ட்சரும் எக்ஸ்ரே மீதான நம்பிக்கைக்கு ஓர் எல்லை இட்டார்கள். தாடை எலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியில் செயற்கையாகக் குழி தோண்டிப் படம் எடுத்தபோது, குழி வெளிப்புறக் கெட்டி எலும்பைத் தொடும்வரை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. படத்தில் நிழல் இல்லை என்பது நோய் இல்லை என்பதற்கு உறுதியான சான்று ஆகாது. நிழல் தெரியும்போது எலும்பு ஏற்கெனவே கணிசமாகக் கரைந்திருக்கும். முப்பரிமாணமுள்ள தாடையைத் தட்டையான படமாக்குவதால் ஒரு வேர் இன்னொன்றை மறைப்பதும் உண்டு. கதிர் வரும் கோணத்தைச் சற்று மாற்றி இரண்டாவது படம் எடுத்தால், மறைந்த வேரும் விடுபட்ட குழாயும் வெளிப்படும். படத்தைப் பார்ப்பவரின் மனமும் ஒரு பிழை மூலம். ஒரே படத்தை ஒருவர் நோய் என்றும் மற்றவர் நலம் என்றும் சொல்வதை ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. இதைக் குறைக்கவே நார்வேயைச் சேர்ந்த எர்ஸ்டாவிக்கும் அவர் குழுவும் 1986-இல் ஐந்து படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். முன்மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, இயல்பான எலும்புக்கு 1 என்றும் கடுமையான நோய்க்கு 5 என்றும் மதிப்பெண் போட வேண்டும்.

இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான், ஒப்பீடு. ஒரு படத்தில் தெரியும் நிழல் ஆறிக்கொண்டிருக்கும் பழைய புண்ணாக இருக்கலாம், வளர்ந்துகொண்டிருக்கும் புதிய புண்ணாக இருக்கலாம், அறுவை செய்த இடத்தில் எலும்புக்குப் பதிலாகத் தழும்புத் திசு நிரம்பியதாகவும் இருக்கலாம். அந்த ஒரு படத்தை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படத்தையும் ஓராண்டு கழித்து அதே கோணத்தில் எடுத்த படத்தையும் சேர்த்து வைத்தால், நிழல் சுருங்குகிறதா பெருக்கிறதா என்பது மாணவருக்குக்கூடத் தெரியும். ஏன் ஓராண்டு? எர்ஸ்டாவிக் 1996-இல் காட்டியபடி, ஆறும் பற்களில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் ஆறுவதன் அடையாளத்தைக் காட்டிவிடுகின்றன. புதிதாக நோய் தோன்றுவதும் அந்தக் காலத்தில்தான் அதிகம். முழுதாக ஆறி முடிய நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம். ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி இதையே விதியாக்கியது. குறைந்தது ஓராண்டு கழித்துப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். நிழல் சுருங்கியும் மறையாமல் இருந்தால் நான்கு ஆண்டுகள்வரை தொடர் கவனிப்பு. அதற்குப் பிறகும் நீடித்தால்தான் தோல்வி எனக் கொள்ளலாம். நார்வேயின் மொல்வென் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த பற்களில், மிகத் தாமதமாக ஆறியவையும் இருந்தன. ஆறு மாதத்தில் எடுத்த படத்தில் நிழல் தெரிகிறது என்று பல்லைப் பிடுங்கச் சொல்வது அவசரம். பருவும் வீக்கமும் இருக்கும்போது ஓராண்டு காத்திருக்கச் சொல்வதோ அலட்சியம். அறிகுறி இருந்தால் காலக்கெடு பொருந்தாது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பல் வலிக்கவில்லை, மெல்ல உதவுகிறது, படத்தில் ஒரு நிழல் இருந்தால்தான் என்ன? இந்த மறுப்புக்குப் பின்னால் எண்களும் இருக்கின்றன. அமெரிக்கப் பல் காப்பீட்டு ஆவணங்களைக் கொண்டு சலேராபியும் ரோட்ஸ்டைனும் 2004-இல் 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களை ஆராய்ந்தார்கள். வேர் சிகிச்சை செய்து எட்டு ஆண்டு கழித்தும் 97 விழுக்காடு பற்கள் வாயிலேயே இருந்தன. ஆனால் எலும்பை அளவுகோலாகக் கொண்டால் படம் மாறுகிறது. லண்டனில் இங், மான், குலாபிவாலா உள்ளிட்ட குழுவினர் 2007-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, கடுமையான அளவுகோலின்படி வெற்றி 68 முதல் 85 விழுக்காடுவரைதான் இருந்தது. ஸ்வீடனின் ஷோக்ரென் குழு 1990-இல் வெளியிட்ட ஆய்வு எட்டு முதல் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தது. தொடக்கத்தில் வேர்நுனி நோய் இல்லாத பற்களில் 96 விழுக்காடும், நோய் இருந்தவற்றில் 86 விழுக்காடும் வெற்றி. ஏற்கெனவே தோற்று, நிழலோடு மறுசிகிச்சைக்கு வந்தவற்றில் 62 விழுக்காடுதான். பல் வாயில் இருக்கிறது என்பதும் நோய் தீர்ந்துவிட்டது என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். முதலாவதை மட்டும் காட்டி இரண்டாவதை மறைப்பது நேர்மை ஆகாது.

ஆனாலும் அந்த மறுப்பை முழுதாகத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூரில் நிழல் நீடித்த பற்களைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், கடுமையான வலியோ வீக்கமோ வெடித்தது இருபது ஆண்டுகளில் 6 விழுக்காட்டுக்கும் குறைவான பற்களில்தான். அதைவிட மிதமான வலி சுமார் 40 விழுக்காட்டில் வந்தது. ஆகவே தோல்வியைக் கண்டறிவது ஒன்று, அதற்கு உடனே ஏதாவது செய்வது வேறு. மாறாமல் நிற்கும் சிறு நிழலோடு ஒரு முதியவர் ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அது தெரிந்து எடுத்த முடிவு. தெரியாமலே இருப்பதை அதோடு சமமாக வைக்கக் கூடாது. நிழல் பெருகிக்கொண்டே போனால் எலும்பு இழப்பு கூடுகிறது. பின்னால் பல்லைக் காப்பதும் கடினம், அந்த இடத்தில் இம்பிளான்ட் பொருத்துவதும் கடினம். நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேர்நுனி நோயோடு சிகிச்சைக்கு வந்த நீரிழிவு நோயாளிகளுக்கு வெற்றி வாய்ப்பு குறைவு என்று ஃபுவாடும் பர்ல்சனும் 2003-இல் காட்டினார்கள். வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் நம் ஊர்களில் இது சிறிய செய்தி அல்ல.

அப்படியானால் எல்லோருக்கும் சிபிசிடி எடுத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். முப்பரிமாணத்தில் காட்டும் இந்தப் படம் சாதாரண எக்ஸ்ரேயைவிட நுட்பமாக நிழல்களைக் கண்டுபிடிக்கிறது என்பதில் ஐயமில்லை. சிக்கலும் அங்கேதான். நலமாக இருக்கும் பற்களில்கூட அது சிறு நிழல்களைக் காட்டிவிடுகிறது. அவற்றில் எது நோய், எது ஆறும் பாதையில் இருப்பது, எது தழும்பு என்று சொல்லும் வழி அந்த ஒரு படத்தில் இல்லை. வேருக்குள் இருக்கும் கட்டாபெர்ச்சாவும் உலோகத் தண்டும் கேப்பும் கீற்றுகளை உண்டாக்கி, விரிசல் இல்லாத இடத்தில் விரிசல் போலக் காட்டுவதும் உண்டு. கதிர்வீச்சும் செலவும் கூடுதல். அமெரிக்க எண்டோடான்டிக் சங்கமும் வாய்-முகக் கதிரியல் கழகமும் 2015-இல் புதுப்பித்த கூட்டு அறிக்கை, அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் படமாக அது கூடாது என்கிறது. சாதாரணப் படமும் பரிசோதனையும் முரண்படும்போது, மறுசிகிச்சையோ அறுவையோ திட்டமிடும்போது, சிறிய பரப்பை மட்டும் எடுக்கச் சொல்கிறது. அது நியாயமான வரம்பு. கூர்மையான ஒரு படத்தைவிட, சாதாரணமான இரண்டு படங்கள் பல சமயம் அதிகம் சொல்கின்றன.

எக்ஸ்ரே தோற்றுப்போய் மருத்துவரின் விரல் வெல்லும் இடமும் ஒன்று உண்டு: வேரின் நெடுகப் பிளந்த விரிசல். சிகிச்சை பெற்ற பல், அதுவும் உள்ளே தண்டு வைத்த பல், ஆண்டுகள் கழித்து மேலிருந்து கீழாகப் பிளக்கலாம். விரிசல் மயிரிழை அகலம்; படத்தில் பெரும்பாலும் தெரியாது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் பதித்த மெல்லிய புரோபைச் செலுத்திப் பல்லைச் சுற்றி நகர்த்தினால், எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டரில் நிற்கும் கருவி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 8, 10 மில்லிமீட்டர் சரக்கென்று இறங்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் மீண்டும் 3. ஈறு நோயில் ஆழம் அகலமாகவும் படிப்படியாகவும் கூடும். இப்படிக் குறுகலாக, கிணறுபோல் இறங்கினால் விரிசலைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இதைத் தனியே அறிவது ஏன் முக்கியம் என்றால், பிளந்த வேருக்கு மறுசிகிச்சை பயன்படாது. அந்த வேரை, பெரும்பாலும் அந்தப் பல்லையே, எடுக்கத்தான் வேண்டும். புரோப் வைத்துப் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் நம்பி மறுசிகிச்சைக்குப் பணம் வாங்குவது நோயாளியின் நேரத்தையும் பணத்தையும் வீணாக்குவது.

இன்னொரு தரப்பு, வேர் சிகிச்சை செய்த பல் எதுவானாலும் தோற்ற பல்தான் என்கிறது. 1910-இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹன்டர் ஆற்றிய உரையும், 1920-களில் வெஸ்டன் பிரைஸ் எழுதியவையும் இதன் ஊற்று. வாயில் மறைந்திருக்கும் கிருமி உடலெங்கும் நோயைப் பரப்புகிறது என்று நம்பி அந்தக் காலத்தில் ஏராளமான பற்கள் பிடுங்கப்பட்டன. நோயாளிகளின் மூட்டுவலியும் மற்ற நோய்களும் தீரவில்லை. பின்னர் கட்டுப்பாடுகளோடு செய்த சோதனைகளில் பிரைஸின் முடிவுகள் நிற்கவில்லை. ஆனாலும் அந்தக் கருத்து சாகவில்லை: 2018-இல் வந்த 'ரூட் காஸ்' என்ற படம் அதையே புதிதாகச் சொன்னது, பல் மருத்துவ அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் அதை நீக்கியது. வேர்நுனியில் நீடிக்கும் அழற்சிக்கும் இதய நோய் போன்றவற்றுக்கும் தொடர்பு உண்டா என்று இன்றும் ஆராய்கிறார்கள்; ஆராய வேண்டியதுதான். அந்த ஆய்வுகள் பேசுவது நோயுள்ள வேர்நுனியைப் பற்றி. ஆறிய எலும்போடு அமைதியாக இருக்கும் பல்லைச் சந்தேகத்தின் பேரில் பிடுங்குவதற்கு அவற்றில் ஆதாரம் இல்லை.

நம் ஊரில் தோல்வியை மறைத்து வைப்பதில் பெரும் பங்கு மருந்துக்கடை மாத்திரைக்கு உண்டு. கன்னம் வீங்கியதும் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மூன்று நாளில் வீக்கம் வடிகிறது. பல் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இரத்த ஓட்டமே இல்லாத வேருக்குள் அந்த மருந்து போய்ச் சேராது. வெளியே பரவியதை அடக்கும், ஊற்றைத் தொடாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள பெரியவர்களுக்குப் பல் சிகிச்சை உடனே கிடைக்குமானால், வேர்நுனி அழற்சிக்கும் அந்த இடத்தோடு நிற்கும் சீழ்க்கட்டிக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நிலைமை வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரையால் அடங்கி மீண்டும் மீண்டும் வரும் வீக்கம், ஈறுப் பருவைப் போலவே, வேர் சிகிச்சை தோற்றதற்கான வாக்குமூலம்.

தோல்வி உறுதியாகி, சிகிச்சை செய்வதென்று முடிவானால் வழிகள் மூன்று. பழைய அடைப்பை எடுத்து மறுபடி சுத்தம் செய்து அடைப்பது, ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டி, அந்தப் பக்கத்திலிருந்து அடைப்பது, பல்லை எடுப்பது. நுண்ணோக்கியும் நவீனப் பொருட்களும் கொண்டு செய்யும் வேர்நுனி அறுவை நிலைமையை வெகுவாக மாற்றியிருக்கிறது: 2010-இல் செட்சர் குழு தொகுத்த ஆய்வுகளில் பழைய முறைக்கு 59 விழுக்காடும் புதிய முறைக்கு 94 விழுக்காடும் வெற்றி கிடைத்திருந்தது. எந்த வழி என்பது கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதையும் படங்களின் வரிசைதான் சொல்லும்.

அதனால் வேர் சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் ஒரு காரியத்தைப் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். சிகிச்சை முடிந்த அன்று, அடைப்பு முழுதாகத் தெரியும்படி எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. இப்போது டிஜிட்டல் படம் என்பதால் கைப்பேசிக்கே அனுப்பிவிடலாம். எந்தப் பல், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். கேப்பைத் தள்ளிப் போடாதீர்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓராண்டு முடியும்போது போய், அதே பல்லை அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல் மருத்துவர்களும் அந்த ஓராண்டுச் சந்திப்பின் தேதியை, கேப் பொருத்தும் அன்றே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.